எங்கள் வீட்டுத் தலைக்கட்டு

இரண்டு பெண்டாட்டிக்காரன் செத்துப்போனால் கருமாதி முடிந்ததும் நல்ல சண்டை ஒன்று பார்க்கலாம் என்று ஒரே கூரைக்கடியில் வரிசை வீடாக இருக்கும் எங்கள் லயமே ஆவலாகக் காத்திருந்தது. அந்த வேடிக்கையைக் கெடுத்த பாவம் என்னையும் என் சக்களத்தியையும் சேரும்.

நான் மூத்தவள். எனக்குப் பிள்ளை இல்லை என்று இளையவளைக் கொண்டுவந்தார். அவர் உயிரோடு இருந்தவரை நாங்கள் கீரியும் பாம்பும்தான், பொய் சொல்வானேன்? அவள் கூட்டிய குழம்பில் நான் கைநிறைய உப்பை அள்ளிப் போட்டிருக்கிறேன். அவள் என் சீப்பை ஓடையில் விட்டிருக்கிறாள். பிறகு காய்ச்சல் வந்து அவர் போய்ச் சேர்ந்தார். எல்லாரும் அழுதுவிட்டுப் போன மறுநாள் காலையில் அணைந்த அடுப்புக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளுமாக உட்கார்ந்திருந்தோம். அவள் மடியில் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"இனிமே எதுக்குக்கா சண்டை போடுறது?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. எழுந்து அடுப்பைப் பற்றவைத்து ஒரே உலையாக வைத்தேன்.

இலங்கை மலைநாட்டில், பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்கு ஏறும் பாதையில் பிரிந்து போனால் எங்கள் தேயிலைத் தோட்டம். அவள் கொழுந்தெடுக்க மலைக்குப் போவாள். கூடையோடு ஒருமுறை மழைநீர்க் கானில் விழுந்து கணுக்கால் கோணிப்போனதால் எனக்கு மலை ஏற முடியாது. அதனால் பிள்ளை மடுவத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். மடுவம் என்றால் தகரக் கூரை போட்ட கொட்டகை. தாய்மார்கள் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போகும்போது பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டுப் பெண் என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டதைக் கேட்டு, மடுவத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் நான் பெரியம்மா ஆகிவிட்டேன். என் தகப்பனார் பதுளைக் கடைவீதியில் மளிகைக் கடைச் சிப்பந்தி. மூட்டைகளின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்துப் பார்த்து சின்ன வயதிலேயே எழுத்துக் கூட்டப் பழகியிருந்தேன். இன்றைக்கு இதை எழுதுவதும் அந்தப் பழக்கத்தில்தான்.

சாயங்காலம் இளையவள் மலையிலிருந்து திரும்பி வருவாள். கொழுந்துக்கூடையின் கயிறு தலையைத்தான் பிடித்து இழுக்கும். அது உறுத்தாமல் இருக்கத் தலையில் ஒரு துண்டை மடித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு போவார்கள். ஊவா மலையில் மழைக்குக் கேட்பானேன்? நனைந்த முடிச்சு இரும்பாக இறுகிவிடும். அவள் விரல்கள் கறை பிடித்து மரத்துப் போயிருக்கும், அவளாக அவிழ்க்க முடியாது. என் முன்னால் வந்து குந்துவாள். நான் நகத்தால் நெம்பி, முடியாவிட்டால் பல்லால் கடித்து அவிழ்த்துவிடுவேன். உச்சந்தலையில் கயிறு பதிந்த இடத்தில் கொஞ்சம் எண்ணெய் வைத்துத் தேய்ப்பேன். குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து இதைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கும். காலையில் கட்டுவது அம்மா, மாலையில் அவிழ்ப்பது பெரியம்மா.

லயத்தில் பேசாத பேச்சில்லை. இரண்டு சக்களத்திகள் ஒரே சட்டியில் சாப்பிட்டால் அதில் ஏதோ சூது இருக்கவேண்டும் என்றார்கள். நான் அவளுக்கு மருந்து வைத்துவிட்டேன் என்றாள் ஒருத்தி. அவள்தான் எனக்கு வைத்தாள் என்றாள் இன்னொருத்தி. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மருந்து வைக்கத் தெரிந்திருந்தால் முதலில் யாருக்கு வைத்திருப்பேன் என்று அவர்களுக்கு எட்ட உரக்கவே சொன்னேன். 

அந்த வருசம் மாரியம்மன் திருவிழா வந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்து வழக்கத்தைக் கப்பலில் ஏற்றி இங்கேயும் கொண்டுவந்திருந்தார்கள். கல்யாணமான ஓர் ஆண்பிள்ளைக்கு ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு படி அரிசி பொதுப் பொங்கலுக்குக் கொடுக்கவேண்டும். கிடா வெட்டியபின் தலைக்கட்டுக்கு ஒரு கூறு கறி. ஆம்பிளை இல்லாத வீடு தலைக்கட்டு ஆகாது, அதனிடம் வாங்கவும் மாட்டார்கள், அதற்குக் கொடுக்கவும் மாட்டார்கள்.

எங்கள் பெண்ணுக்கு இது தெரியாது. அரிசி வாங்க வருகிறார்கள் என்று கேட்டதும் படியில் தலைதட்டி நிரப்பி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றது. பக்கத்து வீட்டுக் காம்பராவில் வாங்கினார்கள். அடுத்து எங்கள் வாசலைப் பார்க்காமலே தாண்டி, அதற்கடுத்த காம்பராவில் வாங்கினார்கள். குழந்தை இரண்டடி பின்னாலேயே ஓடி, "எங்க வீட்டு அரிசி இந்தா இருக்கு" என்றது. வந்தவர்களில் ஒருவன் சிரித்துக்கொண்டே அதன் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனான். அந்தக் கிள்ளலை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அரிசியைப் பானையில் திரும்பக் கொட்டப் போனேன். "இருக்கட்டும்க்கா" என்று என் கையிலிருந்து படியை வாங்கி மூலையில் வைத்து முறத்தால் மூடினாள் இளையவள். 

மறுநாள் மடுவத்தில் முன்பல் விழுந்த பயல் ஒருவன் என்னிடம் வந்து நின்றான்.

"பெரியம்மா, உங்க வீடு குடும்பம் இல்லியாமே? எங்கப்பா சொன்னாரு."

எங்கள் பெண் தூணைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தது.  அவன் அப்பனைக் கேட்கவேண்டிய கேள்வியை அவனிடம் கேட்டு என்ன பயன்? அவனைப் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

"அப்ப எதுடா குடும்பம்?"

"அப்பா, அம்மா, புள்ளைங்க."

"உங்க வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?"

"அப்பா, அம்மா, நானு, தம்பி, எங்க மாமா, மாமாவோட சேவல்."

"மாமா உங்க குடும்பமா?"

நன்றாக யோசித்தான். "அவரு சும்மா வந்தாரு. அப்புறம் போகவே இல்லை."

மற்ற பிள்ளைகளும் வந்து சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். தங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல யாருக்குத்தான் ஆசையில்லை? ஹாலிஎலப் பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து வந்தவளின் பையன் எழுந்து நின்றே சொன்னான்: "எங்கம்மா புத்தான்னு கூப்புடும், எங்கப்பா மவனேன்னு கூப்புடுவாரு. நான் ரெண்டுக்கும் ஓடுவேன்." ஒரு பெண்ணின் தாய் அக்கரையில் ஊரிலேயே தங்கிவிட்டாள், அத்தைதான் வளர்க்கிறாள். "அப்ப உனக்குக் குடும்பம் இல்லை" என்றான் பல்விழுந்தவன். அவள் கொஞ்சமும் அசரவில்லை. "அத்தை எனக்குப் பேன் பாக்குதுல்ல?" என்றாள். அதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்பதுபோல் இருந்தது அவள் கேட்டது. வருகிற வழியில் பெற்றோரைப் பறிகொடுத்து, யாரோ கைப்பிடித்துக் கூட்டிவந்து வளர்க்கும் பையன் ஒருவனும் இருந்தான். அவன் முறை வந்தபோது தன் இடுப்பில் கட்டியிருந்த புதுத் துணியை மட்டும் இழுத்துக் காட்டினான். திருவிழாவுக்காக அவனுக்கு எடுத்தது.

எனக்குத் தெம்பு வந்துவிட்டது. "பாத்தீங்களா? ஒரே அடுப்புல பொங்கித் திங்கிறவங்கதான் குடும்பம். யாரு யாரா இருந்தா என்ன?" என்று தீர்ப்புச் சொன்னேன்.

உடனே ஒரு சின்னது கேட்டது: "எங்கப்பா கள்ளுக்கடையிலதானே திங்குறாரு. அப்ப அவரு கடைக்காரன் குடும்பமா?"

ஆழம் பார்க்காமல் காலை விட்டால் இப்படித்தான். பெரியவர்களை மடக்குவது சுலபம். அவர்களுக்குப் பாதி நியாயம் போதும். பிள்ளைகளுக்கு முழுதாக வேண்டும்.

"அதெல்லாம் இல்லை பெரியம்மா" என்றான் பல்விழுந்தவன். "தலைக்கட்டு இருந்தாத்தான் குடும்பம்."

"தலைக்கட்டுன்னா என்னடா?"

"கங்காணித் தாத்தா சேப்பாக் கட்டியிருப்பாரே தலையில, அது."

நான் சிரித்துவிட்டேன். திருத்த வாயெடுத்தேன். அதற்குள் எங்கள் பெண் தூணை விட்டுவிட்டு வந்தது.

"எங்கம்மாவும்தான் தலையில கட்டுது."

"எங்கம்மாவும்" என்றது ஒன்று. "எங்க அத்தையும்." "எங்கம்மா நல்லா இறுக்கிக் கட்டும்." கொட்டகை முழுக்க இதே சத்தம். பல்விழுந்தவன் முதலில் முழித்தான், பிறகு, "ஆமா, எங்கம்மாவும் கட்டும்" என்று ஒப்புக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் கையில் அகப்பட்ட கந்தல்களையெல்லாம் தலையில் சுற்றிக்கொண்டு மடுவமே தலைக்கட்டாக நடமாடியது. நான் திருத்தவில்லை. பிள்ளைகள் சொன்னதில் பிழை எங்கே என்று எனக்கே தெரியாமல் போயிருந்தது.

சந்தோசம் அன்று சாயங்காலம் வரைக்கும்தான். லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கொழுந்தன் வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தான். என் புருசனின் தம்பி. கூடவே தோட்டத்து ஆட்களையெல்லாம் மேய்க்கும் எங்கள் பெரிய கங்காணியும் வந்திருந்தார். வெறும் கையோடு வந்து கூப்பிட்டால் கங்காணி அவ்வளவு தூரம் நடக்கிறவர் இல்லை, கொழுந்தன் ஏதோ போத்தலோடுதான் அவரைப் பார்த்திருக்கவேண்டும்.

"மதினி, அண்ணன் புள்ள தலைக்கட்டு இல்லாத வீட்டுல வளரக்கூடாது" என்றான் என்னிடம். "திருவிழா முடிஞ்சதும் சின்ன மதினியையும் புள்ளையையும் நான் கூட்டிக்கிட்டுப் போறேன். ஊரறிய வச்சுக்குறேன்."

"உனக்குத்தான் பொண்டாட்டி இருக்காளேப்பா?"

"அண்ணனுக்கும்தான் நீங்க இருந்தீங்க."

கங்காணி கனைத்துக்கொண்டார். "முறையைத்தானே சொல்றான். நீ வேணும்னா மடுவத்துலயே இருந்துக்க. இல்லை, அக்கரைக்குப் போகணும்னாலும் சொல்லு, அனுப்பி வைக்கிறேன்."

இளையவள் அப்போதுதான் மலையிலிருந்து வந்து நின்றாள். தலையில் கட்டு நனைந்திருந்தது. கொழுந்தன் அவளிடம் நேரே கேட்டான். அவள் அவனைப் பார்த்தாள், கங்காணியைப் பார்த்தாள், மூலையில் முறம் மூடிய படியைப் பார்த்தாள். "திருவிழா முடியட்டும். எல்லாரும் இருக்குறப்ப சொல்றேன்" என்றாள்.

மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. அந்த ஒன்றுதான் என் காதில் விழுந்தது. அவர்கள் போனபின் வழக்கம்போல் என் முன்னால் வந்து குந்தினாள். முடிச்சை அவிழ்த்துவிட்டேன். கேட்கவேண்டியதைக் கேட்கவில்லை. எந்த உரிமையில் கேட்பது? பெற்றவள் அவள். அவள் எழுந்து போனால் பிள்ளை அவள் பின்னால் போகும். சக்களத்திக்குச் சக்களத்தி பிள்ளைமேல் என்ன பாத்தியதை என்று எந்தப் பஞ்சாயத்திலும் சிரிப்பார்கள். யாருக்கும் அஞ்சாத வாய் எனக்கு. அவளிடம் மட்டும் அது திறக்கவில்லை. திருவிழா வரைக்கும் பயத்தோடு நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

திருவிழாவன்று மத்தியானம் கோயில் முன்னால் கிடா வெட்டி, வாழையிலைகளில் கூறு போட்டு வைத்திருந்தார்கள். கங்காணி சிவப்புத் தலைப்பாகையோடு நடுவில் நின்று ஒவ்வொரு ஆண்பிள்ளையின் பெயரையும் சொல்லி, "இன்னார் தலைக்கட்டு" என்று கூப்பிட்டார். "இருக்கேன்" என்று சொல்லி ஒவ்வொருவராக வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். பெரட்டில் பெயர் கூப்பிட்டால் சொல்கிற பழக்கம், கோயிலிலும் அதே பதில்தான் வாயில் வந்தது. பெண்கள் ஒரு பக்கமாக நின்றோம். தாலியறுத்தவர்கள் என்பதால் நாங்கள் இருவரும் எல்லாருக்கும் பின்னால் நின்றோம். கொழுந்தன் கங்காணியின் தோளை ஒட்டியே நின்றுகொண்டிருந்தான்.

திடீரென்று ஆண்கள் வரிசையில் ஒரே சிரிப்பு. எட்டிப் பார்த்தேன். எங்கள் பெண் தலையில் ஒரு கந்தலைச் சுற்றிக்கொண்டு இரண்டு ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் வரிசையில் நின்றது. 

"என்னாடி இது?" என்றார் கங்காணி.

"தலைக்கட்டு."

சிரிப்பு இன்னும் பெரிதானது. கங்காணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரிதான். உங்க வீட்டுல யாரு தலைக்கட்டு?"

"அம்மா கட்டும். பெரியம்மா அவுத்துவிடும்."

குழந்தைக்குத் தெரிந்தது அவ்வளவுதான், தெரிந்ததைச் சொன்னது. ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற பெண்களில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. நனைந்த முடிச்சு அவர்களுக்குத் தெரியும்.

"பாத்தீங்களா? ஆம்பளை இல்லாத வீட்டுல புள்ளைங்க இப்படித்தான் கோமாளியா வளரும்" என்றான் கொழுந்தன். குனிந்து குழந்தையின் கையைப் பிடித்தான். "வா, நம்ம லுணுகலைக்குப் போவோம்."

நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன். கோணல் காலோடு எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. போய் நின்றதுதான் மிச்சம். வாழ்நாளெல்லாம் பேசிய வாய் அன்றைக்கு அடைத்துக்கொண்டது.

எனக்குப் பின்னால் அவள் வந்தாள். லயத்தில் அவள் குரல் எப்படி இருக்கும் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. கையில், முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்த அந்த அரிசிப் படி. மலைக்குக் கட்டிப் போகும் துண்டைத் தலையில் கட்டியிருந்தாள். எல்லாருக்கும் பின்னால் நின்றபோது எப்போது கட்டினாள் என்று நானே பார்க்கவில்லை. நேரே போய்க் கொழுந்தனின் கையிலிருந்து குழந்தையின் கையை எடுத்து என் கையில் வைத்தாள். பிறகு கங்காணியின் பக்கம் திரும்பினாள்.

"கங்காணி ஐயா, தெனம் பெரட்டுல எங்களை எண்ணுறீங்க. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் தோட்டத்துல உங்களுக்குத் தலைக்காசு குடுக்குறாங்க. அப்ப எண்ணுறப்ப என் தலை தலையா, இல்லியா?"

கங்காணி கூறு போட்ட இலைகளைப் பார்த்தார்.

"ஆம்பளைத் தலைக்கு ஒரு காசு, எந்தலைக்கு வேற காசுன்னா வாங்குறீங்க? இல்லைல்ல? காசுக்கு எண்ணுன தலையைக் கறிக்கும் எண்ணுங்க. அரிசி இந்தா இருக்கு. அன்னைக்கு எம்புள்ள நீட்டுன அதே அரிசி, ஒரு மணி குறையலை."

படியை அவர் காலடியில் வைத்தாள்.

"நான் எங்கயும் போகலை. எங்க அக்காளை விட்டுட்டுப் போறதா இருந்தா இத்தனை நாளு எதுக்கு ஒரே உலை வச்சோம்?"

என் கண்ணில் தண்ணீர் வந்ததை யார் பார்த்தாலும் எனக்குக் கவலையில்லை. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி, அதிகம் பேசாத வயதான கொழுந்துக்காரி, இடுப்பிலிருந்து துண்டை உருவித் தலையில் கட்டினாள். பக்கத்தில் நின்றவளும் கட்டினாள். பேன் பார்க்கும் அத்தை கட்டினாள். பல்விழுந்தவனின் தாயும் புருசன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டினாள்.  கங்காணி அந்தத் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாளைக் காலையில் இவற்றில் எத்தனை பெரட்டுக்கு வரும் என்று அவருக்குக் கணக்குப் போடத் தெரியும்.

கொழுந்தன், "என்னங்க, பொம்பளை பேச்சைக் கேட்டுக்கிட்டு..." என்று ஆரம்பித்தான்.

"நீ கொஞ்சம் சும்மா இருப்பா" என்றார் கங்காணி. குனிந்து படியை எடுத்துப் பொங்கல் அரிசியோடு கொட்டினார். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். மூஞ்சி கடுகடுவென்று இருந்தது. "சரி. யார் பேரைச் சொல்லிக் கூப்புடுறது? ஒரு தலைக்கட்டுக்கு ஒரு பேருதான். செத்தவன் பேரைச் சொல்லலாமா?"

அப்போதுதான் என் வாய் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

"எங்க ரெண்டு பேர் பேரையும் சொல்லுங்க. மூச்சு முட்டுச்சுன்னா நடுவுல நிறுத்திச் சொல்லுங்க, நாங்க காத்திருக்கோம்."

அந்தக் கோயில் வாசலில் அதுவரை ஒரு பெண்ணின் பெயர் சத்தமாக ஒலித்ததில்லை, அம்மன் பெயரைத் தவிர. கங்காணி முதலில் என் பெயரைச் சொன்னார். நிறுத்தினார். பிறகு அவள் பெயரைச் சொன்னார். விழுங்கமுடியாததை விழுங்குவதுபோல், "தலைக்கட்டு" என்று முடித்தார்.

நாங்கள் இருவரும் வாயைத் திறப்பதற்குள், தலையிலிருந்து நழுவிய கந்தலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எங்கள் பெண் கத்தியது:

"இருக்கோம்!"